கால் உரிந்த பெயர்

நேற்று பேருந்து நிலையத்துக்கு வெளியே உன் லோடு வண்டியைப் பார்த்தேன், தம்பி. அதை நம்மிடம் வாங்கியவர் ஆயக்குடிக் கொய்யாவை இறக்கிக்கொண்டிருந்தார். முன்கண்ணாடியில் நீ ஒட்டிய பெயர் இன்னும் இருக்கிறது. வெயிலில் துணைக்கால் மட்டும் உரிந்து, ‘இவான்’ என்பது ‘இவன்’ என்று நிற்கிறது. கொய்யா வாசம் வேறு. அத்தனை பேர் நடுவிலும் அழுதுவிட்டேன்.

அந்தப் பெயருக்காக அப்பா எத்தனை பேரிடம் மல்லுக்கு நின்றார்! பகலில் தோல் ஷாப்பில் பதனிடும் வேலை, சாயங்காலம் தொழிற்சங்க ஆபீசில் ரஷ்யக் கதைப் புத்தகம், அதுதான் அவர் உலகம். “நமக்கு முருகன் மாதிரி அங்க தெருவுக்கு நாலு இவான் இருப்பான். உழைக்கிறவன் பேரு” என்பார். அம்மா மசியவில்லை. பழனியில் உனக்கு மொட்டை போட்டு, பழனிச்சாமி என்று பெயர் வைத்து, உன் கடைசி நாள்வரை ‘சாமி’ என்றே கூப்பிட்டாள். ரஷ்யப் பெயர் அவள் வாயில் ஒருநாளும் வந்ததில்லை.

உனக்கோ அது வேடிக்கை. ரேஷன் கார்டில் பெயரை ‘இவன்’ என்று தப்பாக அடித்திருந்தபோது, “அக்கா, ஆபீஸ்ல என் காலை ஒடிச்சுப்புட்டாங்க” என்று நொண்டிக்கொண்டே வீட்டுக்குள் வந்தாய். நெய்க்காரப்பட்டிக்குப் பெண் பார்க்கப் போனபோது பெண்ணின் அப்பா உன் பெயரைக் கேட்டார். “இவான்” என்றார் நம் மாமா.

“இவருதான் மாப்பிள்ளைன்னு தெரியுதுங்க. பேரு என்னங்க?”

முதலில் சிரித்தது நீதான். காபி புரையேறி, அந்தப் பெண்தான் தண்ணீர் கொண்டு வந்தாள். தையில் கல்யாணம் என்று பேசி முடித்தோம். அதற்குள் ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. படுபாவி, ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

போன மாதம் உனக்கு முதலாண்டு நினைவு நாள். சுவரொட்டியில் பழனிச்சாமி என்றுதான் போட வேண்டும் என்று மாமா பிடிவாதமாக நின்றார்.

“செத்த பிள்ளைய ஊரே இவன்னு வாசிக்கணுமா? மரியாதையா சாமி பேரைப் போடு.”

“அவன் ஆசையா வண்டியில ஒட்டிக்கிட்ட பேரு மாமா அது” என்றேன். அந்தப் பெயரும் போய்விட்டால் உன்னில் என்ன மிஞ்சும்? ஆனால் அப்பா போன பிறகு வீட்டில் மாமா சொல்தான் சொல். அம்மாவும் அவர் பக்கம்தான் பேசுவாள் என்று நினைத்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமலே சொன்னாள்.

“இவான்னே போடுங்கண்ணே. இவன்னு வாசிச்சாலும் வாசிக்கட்டும். இந்த ஒரு வருசமா எல்லாரும் எம்புள்ளைய அவன் அவன்னே சொல்றீங்க. எங்கிட்டோ தூரத்துல கிடக்குற மாதிரி இருக்கு. இவன்னு சொன்னாத்தான் பக்கத்துல இருக்கான்.”

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதற்குப் பிறகு உன்னைப் பற்றிப் பேசும்போது எனக்கும் ‘அவன்’ என்று வாய் வருவதில்லை, தம்பி. இவன் என்றுதான் சொல்கிறேன். கேட்கிறவர்கள், யாரைச் சொல்கிறேன் என்று என் பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறார்கள்.