வாட்ச் எண்ணாத பால்

செவ்வாய், இரவு.

இவர் வாங்கித் தந்த வாட்ச், நான் கொஞ்சம்தான் கலோரி எரிப்பதாகக் காட்டுவதை நம்பி ஒரு வாரமாகச் சோற்றைக் குறைத்துவிட்டேன். தொட்டில் ஆட்டினால் நடந்ததாகச் சொல்கிறது. பால் கொடுத்தால் சும்மா உட்கார்ந்திருந்தேனாம். பாப்பாவுக்குப் பால் பத்தாமல் போயிருக்குமோ என்று இன்று திடீரென்று பயம் வந்துவிட்டது.

நாரணாபுரத்து நர்ஸக்காவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். "ஏந்தாயி, பால் என்ன குழாயிலயா வருது? ஒன் ஒடம்பு அம்புட்டு ஒழைக்குது. கையாட்டுனாத்தான் அந்த வாட்சுக்குத் தெரியும். போயி நல்லாச் சாப்பிடு" என்று திட்டிக்கொண்டே பாப்பாவை எடை பார்த்தார். கூடியிருந்தது.

நான் வயிற்றைக் காயப்போட்ட வாரத்திலுமா? இந்தத் தொடை மடிப்பு, கன்னம், வெட்ட வெட்ட வளர்கிற நகம் எல்லாம் என்னிலிருந்தா? தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன், நம்ப முடியவில்லை. ராத்திரி இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

முழித்துவிட்டாள். மறுபடியும் சும்மா உட்காரப் போகிறேன்.