மூன்று வருட லீசு

ஜூன் 4

அன்புள்ள அத்தானுக்கு,

கார் பார்க்கப் போனது நான், நம் மகள், என் தம்பி, அவனுக்குத் தெரிந்த மெக்கானிக், விற்கிறவர், ஆக ஐந்து பேர். நீங்கள்தான் இல்லை.

நீங்கள் படம் அனுப்பிய அதே சிவப்பு பந்தயக் கார். ஒன்பது வருடப் பழசு, தரையோடு தரையாகக் கிடக்கிறது. "உக்காந்து பாருங்கக்கா" என்றார் மெக்கானிக். சாமி அறைக்குள் போகிற பழக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். விற்கிறவர் ஒரு மிதி மிதித்தார். கடவுள் பேரைச் சொல்லி முடிப்பதற்குள் நாலு தெரு தாண்டிவிட்டது. செருப்பு அவர் வாசலிலேயே. இறங்கும்போது ஆளுக்கொரு கை பிடித்து இழுத்தார்கள். "அம்மாவுக்கு கிரேன் வேணும்" என்று சிரிக்கிறாள் உங்கள் செல்லம்.

"பிரேக் தேஞ்சிருக்கு, கிளட்ச் மாத்தணும். இன்ஜின் தங்கம்க்கா" என்றார் மெக்கானிக்.

இந்த வயதில் இது தேவையா என்றுதான் எனக்கு இருக்கிறது. ஆனாலும் பதினோரு வருடம் வெளிநாட்டில் பஸ்ஸில் தொங்கிச் சம்பாதித்தவர் ஆசைப்படுகிறீர்கள். டிசம்பரில் ஒரேயடியாக வீட்டோடு வந்துவிடுகிறவருக்கு வாசலில் நிற்கட்டுமே என்று முன்பணம் கொடுத்துவிட்டேன்.

உங்கள்
அம்மு

ஜூன் 19

அன்புள்ள அம்முவுக்கு,

அவசரப்பட்டுவிட்டாயே! பழைய பந்தயக் கார் யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை. இங்கே அதே கார் புதுசாகவே லீசுக்குக் கிடைக்கிறது. மாதாமாதம் கட்டினால் போதும், பழுது அவர்கள் பொறுப்பு, முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம். மூன்று வருடம்தான். ஜூலைக் கடைசியில் கையெழுத்துப் போடுகிறேன். முன்பணத்தைத் திருப்பி வாங்கிவிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்
நான்

ஜூலை 2

அத்தானுக்கு,

கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். காரைப் பற்றி நீங்கள் சொல்வது சரிதான். நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன், லீசில் தலைவலி குறைவு. ஆனால் அது அங்கேயே ஓடி, அங்கேயே திருப்பித் தருகிற கார். மூன்று வருடம்.

மகளிடம் சொல்லவில்லை. "அப்பா வந்ததும் முன் சீட்டு எனக்குத்தான்" என்கிறாள். இரண்டே சீட்டு உள்ள காரில் எல்லாமே முன் சீட்டுதான்டி என்று சொல்லிவைத்தேன்.

போன தடவையும் "இன்னும் ரெண்டே வருஷம்" என்றீர்கள். அதற்கு முந்தின தடவையும். அப்போதெல்லாம் நான் சாமியிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அலுத்துவிட்டது அத்தான். இந்த முறை சாமியைத் தொந்தரவு செய்யாமல் உங்களிடமே கேட்கிறேன்.

முன்பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. விற்கிறவர் இருபதாம் தேதி வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். கார் வேண்டாம் என்றால் வேண்டாம், விட்டுவிடலாம். டிசம்பரில் வருகிறீர்களா, இல்லையா? சீக்கிரம் பதில் போடுங்கள்.

அம்மு