பெரியவன் சட்டை

பம்பாய்
12.6.1988

அன்புள்ள சீனியம்மாளுக்கு,

நான் சுகம். உன் இருமல் நின்றதா?

நேற்று சந்தையில் யாரோ "திருடன், திருடன்" என்று இந்தியில் கத்தினார்கள். நான்தான் முதலில் திரும்பினேன். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

பெரியவன் மறுபடியும் சீர்திருத்தப் பள்ளிக்குப் போனபின், அவன் பச்சைக் கட்டம்போட்ட சட்டையைப் பிடித்துத் தைத்துச் சின்னவனுக்குப் போட்டதாக எழுதியிருந்தாய். அதைப் பார்த்துத்தான் மம்சாபுரம் கடைக்காரர், "ஏலே, சங்கிலிப்பாண்டி தம்பிதான நீ? சட்டைப்பையக் காட்டு" என்றாராம்.

இனி அவனுக்கு அதைப் போட்டுவிடாதே. ஊரே பையைத் தடவிக்கொண்டிருந்தால், ஒருநாள் அவனே அதில் எதையாவது எடுத்துவைத்துவிடுவான். சின்னவனுக்குப் புதுத்துணி எடு.

பழையதைத் தூரப் போட்டுவிடாதே. தையலைப் பிரித்து எனக்கு அனுப்பு. பெரியவன் என் உயரம்தானே, நான் போட்டுக்கொள்கிறேன். இங்கே அது யார் சட்டை என்று ஒருத்தருக்கும் தெரியாது.

ஷிப்டுக்குச் சங்கு ஊதிவிட்டது.

சுயம்புலிங்கம்