பனாயிட் கூப்பிடவில்லை

ப்ரைலா, செப்டம்பர்

அன்பு மகள் இலிங்காவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நலம் என்று எழுதினால் நீ நம்பப்போவதில்லை. ஃபோனில் பேச ஆரம்பித்தால் அம்மா பக்கத்தில் வந்து நிற்கிறாள். அதனால்தான் லிஸ்பனுக்கு விரைவுத் தபால்.

டான்யூபில் தண்ணீர் இறங்கிவிட்டது, படகுகள் பாதிச் சுமையோடு போகின்றன. கோதுமை விலை பரவாயில்லை. ஆனால் டுடோரெல் சாப்பிட்டதில் மீந்த கோதுமையை நீ ஆய்வகத்தில் சோதித்த முடிவு வந்ததிலிருந்து குவியலுக்குள் கை விடவே கூசுகிறது. கை விடாமல் எப்படி வாங்குவது?

என் புத்திக்கு எட்டியது இதுதான். வேகவைத்து ஈரமாகக் கிடந்த கோதுமையில் கிருமி வளர்ந்து நீ எழுதிய அந்த விஷத்தை, பெப்டைடு வளையத்தை, செய்துவிடுகிறது. உடம்பின் செல்லுக்குள் சக்தி உண்டாகிற இடத்தைச் சுற்றிக் கொழுப்பாலான சவ்வு; பொட்டாசியம் தனியாக வந்தால் அது விடாது. வளையம் அதை நடுவில் பொத்திக்கொள்கிறது. வளையத்தின் வெளிப்பக்கம் எண்ணெயோடு ஒட்டுகிற ஜாதி, அதனால் சவ்வு வழிவிடுகிறது. அந்தப் பக்கம் இறக்கிவிட்டு, காலியாகத் திரும்பி, மறுபடி ஏற்றிக்கொள்கிறது. எல்லையில் எத்தனையோ கடத்தல்காரர்களைப் பார்த்திருக்கிறேன், தூங்காதவனைப் பார்த்ததில்லை. ஈரல் சக்தியில்லாமல் அணைந்துபோகும்வரை விடாதாம். திரும்பச் சூடுபண்ணினாலும் அழியாதாம்.

போன வருஷம் உன் சித்தப்பா பனாயிட்டின் நினைவுநாளுக்கு அம்மா முதல்நாளே, செத்தவர்களுக்குப் படைக்கிற கொலீவாவுக்குக் கோதுமை வேகவைத்து, எல்லோரையும் போலத் துணியில் விரித்து, கதகதப்பான அறையில் உலரவிட்டாள். மறுநாள் சாப்பிட்டவர்களுக்கு வயிற்றைப் புரட்டியது, ஒயினைத் திட்டினார்கள். உன் தம்பி டுடோரெல் மட்டும் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட்டான். போயும் விட்டான்.

செத்தவன் கூப்பிட்டுக்கொண்டான் என்று தெருவே சொல்கிறது. அம்மா பனாயிட்டின் படத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்திருக்கிறாள். "குடிக்கக் காசு கேட்டே, குடுத்தேன். புள்ளையுமா கேட்டே, பாவி?" என்று அந்த முதுகோடு பேசுகிறாள். நேற்று நானும் அறைக்குள் நுழையும்போது பனாயிட் நிற்கிறானோ என்று பார்த்தேன். அவன்மேல் பழி இருக்கட்டும், செத்தவன் தாங்குவான் என்று உன் முடிவை அம்மாவிடம் சொல்லாமல் விட்டிருந்தேன்.

ஆனால் வரும் ஞாயிறு டுடோரெலுக்கு வருஷ நினைவு. கோதுமை வாங்கி வைத்துவிட்டாள். கடையில் செய்ததை வாங்கலாமே என்றேன். "கோதுமை யாவாரி வீட்டுல கடைக் கொலீவாவா? ஊரு சிரிக்கும்யா" என்றாள். வேகவைத்ததும் ஃப்ரிட்ஜில் வை என்றேன். "எம் புள்ளைக்கு வெக்கிறது துணியில விரிச்சு உதிரி உதிரியா இருக்கணும். உனக்கு என்ன திடீர்னு சமையல் ஞானம்?" என்று முறைத்தாள். அவன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை எல்லாம் அழைத்திருக்கிறாள்.

சனிக்கிழமைக்குள் வந்துவிடு. ஞாயிறு விடியலில் நீயே வேகவைத்து, ஆறுவதற்குள் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பரிமாறு. லிஸ்பனில் இப்படித்தான் செய்கிறார்கள் என்று சொல். அவள் ஏன் என்று கேட்பாள். சந்தையில் எத்தனையோ பொய் சொல்லிப் பிழைத்தவன் நான், அவள் முகத்தைப் பார்த்து இதற்கொரு பொய் எனக்கு வரவில்லை. உனக்கு வந்தால் சொல். வராவிட்டால் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு உண்மையைச் சொல்.

கடவுள் உன் கைகளைக் காக்கட்டும். உன் அம்மாவின் கைகளையும்.

உன் அப்பா,
நெக்குலாய்