பறப்பவை கூடையில் உன் படம்

அன்பானவளுக்கு,

இந்த வாரம் நம் குட்டி எல்ஸிக்கு நான் வீட்டில் நடத்தும் பாடம் ‘பறப்பவை’. இரண்டு கூடை வைத்தேன். ஒன்று பறப்பவைக்கு, மற்றது வீட்டில் இருப்பவைக்கு. விமானப் படத்தைச் சரியாகப் போட்டாள். கூடவே உன் படத்தையும் போட்டுவிட்டாள்.

“அம்மா நம்ம வீட்டு ஆளுதானே?” என்றேன்.

“போப்பா! அம்மா பிளேன்ல டாட்டா!” என்று சிரித்தாள்.

திருத்துவதா, கைதட்டுவதா?

சுரங்கத்தில் இரண்டு வாரம் வேலை, இங்கே பெர்த் நகரில் நம் வீட்டில் ஒரு வாரம். அதுதானே உன் முறை? நீ கிளம்பிப் போய் இது ஐந்தாவது வாரம். கூடுதல் ஷிஃப்ட் என்றாய். உன்னோடு வேலை செய்யும் ஷோனாவோ, நேற்று கடையில், “போன வாரம் நானும் அவளும் ஒரே பிளைட்லதானே பெர்த் வந்தோம்?” என்றாள். நானும் தலையாட்டிவிட்டேன்.

அடுத்த வாரம் ‘நம் வீடு’. அட்டையில் வீடு செய்கிறேன், ஆளுக்கொரு ஜன்னல். இரண்டு வெட்டட்டுமா, மூன்றா?

ஒன்றும் புரியாமல்,
உன்னவன்