முன்னால ரெண்டு உங்களுது, பின்னால ரெண்டு என்னுது

அன்புள்ள கடல்காரருக்கு,

இங்கே எல்லாரும் நலம். என் கை நலம். கட்டைப் பிரிச்சாச்சு. மாட்டு வயித்துக்குள்ள தோள் வரைக்கும் விட்டாலும் வலிக்கலை. சின்னவள் நலம், கணக்குப் பாடத்துல மட்டும் கொஞ்சம் சுகமில்லை. வீட்டுல நிஜமாவே முடியாம கிடந்தது நம்ம வண்டி ஒண்ணுதான். நாலு டயரும் மொட்டை. இந்தக் கடிதமே அதைப் பத்தித்தான்.

இதைப் போன்லயே சொல்லியிருக்கலாமேன்னு கேப்பீங்க. கப்பல்லேருந்து நீங்க கூப்பிட்டா பாதி நேரம் லைன் இழுக்குது, மீதி நேரம் நீங்க கத்துறீங்க. கடிதத்துல குறுக்கே பேச முடியாது பாருங்க, அதான் பேனாவை எடுத்தேன். அடுத்த துறைமுகத்துல இது உங்க கைக்குக் கிடைக்கும். அதுக்குள்ள நான் செய்ய வேண்டியதைச் செஞ்சு முடிச்சிருப்பேன்.

டயர் கடைக்குப் போனேன். உங்க பள்ளிக்கூடத்துச் சிநேகிதர் மீசைக்காரர் கடையைத் தவிர வேற எங்கயும் கால் வைக்கக்கூடாதுன்னு நீங்கதானே சட்டம் போட்டிருக்கீங்க. என்னைப் பார்த்ததும் மனுஷன் நாற்காலியைத் துடைச்சுப் போட்டார், டீ சொன்னார், கை எப்படி இருக்கு தங்கச்சின்னு கேட்டார், வெயிலைத் திட்டினார், மழையைத் திட்டினார். டயரைத் தவிர எல்லாத்தையும் பேசினார். எனக்கு அப்பவே சந்தேகம். உள்ளே எட்டிப் பார்த்தா, நாலு டயர் ஏற்கனவே நம்ம வண்டிக்குன்னு தனியா அடுக்கி வெச்சிருக்கு. நாலும் ரோடு டயர். நைஸா, கோடு கோடா, மண்ணையே பார்க்காத முகம்.

இதை யார் எடுத்து வைக்கச் சொன்னதுன்னு கேட்டேன். மேலே பார்த்தார், கீழே பார்த்தார், மீசையைத் தடவினார். அப்புறம் கக்கிட்டார். நீங்க போன் போட்டு, அவ என்ன கேட்டாலும் சரி, ரோடு டயரையே மாட்டி அனுப்பு, இனிமே அவ மலைப்பக்கம் போக வேண்டிய வேலையே இல்லைன்னு சொன்னீங்களாமே!

அடேயப்பா, என்ன ஒரு மூளை! நடுக்கடல்ல உக்காந்துக்கிட்டு என் வண்டிக்கு டயர் தேர்ந்தெடுக்குறீங்க. போன மழையில செம்மண் சரிவுல வண்டி வழுக்கி, பள்ளத்துல மூக்கைக் குத்தி, என் கை ஒடிஞ்சதை நான் ஒண்ணும் மறந்துடலை. டவுன் ஆஸ்பத்திரிக்கு மாத்தல் வாங்கிக்கோ, நாய்க்கும் பூனைக்கும் ஊசி போட்டுக்கிட்டு நிம்மதியா இருன்னு அன்னைக்கே சொன்னீங்க. அன்னைக்கே நான் முடியாதுன்னு சொன்னேன். மேலே இருக்கற பண்ணைகளுக்கு என்னை விட்டா வேற மாட்டு டாக்டர் கிடையாது. நேரா சொன்னா இவ கேக்க மாட்டான்னு, டயர் வழியா எனக்குக் கடிவாளம் போடப் பார்த்தீங்க. உங்க பாச்சா என்கிட்ட பலிக்குமா?

டயரைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்றேன், கேட்டுக்கோங்க. ஏன்னா உங்களுக்குத் தெரிஞ்ச டயர் எல்லாம், கப்பல் இடிக்காம இருக்கத் துறைமுகச் சுவத்துல கட்டித் தொங்க விடறாங்களே, அந்த டயர்தான். ரோடு டயர் தார் ரோட்டுக்கு நல்லதுதான், இல்லைன்னு சொல்லலை. சத்தம் போடாது, மழைத்தண்ணியில பிரேக் பிடிச்சா நிக்கும். ஆனா சேத்துல இறங்கினா அந்தக் கோட்டுக்குள்ள எல்லாம் சேறு அப்பிக்கும். அப்புறம் அதுவும் மொட்டை டயரும் ஒண்ணுதான். பெரிய பெரிய பட்டன் மாதிரி ரப்பர் துருத்திக்கிட்டு நிக்கற சேத்து டயர் ஒண்ணு இருக்கு. அது எங்க வேணாலும் ஏறும், ஆனா தார் ரோட்டுல மாவு மில்லு மாதிரி அலறும், நனைஞ்ச ரோட்டுல நம்பவும் முடியாது. எனக்குப் பாதிக்கு மேல தார் ரோடுதானே, அதனால அதுவும் வேண்டாம். ரெண்டுக்கும் நடுவுல ஒரு ரகம் இருக்கு. பட்டன் ஓரளவு பெருசு, இடுக்கு அகலம், ஒட்டின சேறை உதறிடும், பக்கவாட்டு ரப்பர் தடிமன், கூரான கல்லு சுலபத்துல கிழிக்காது. நான் கேட்டது அதைத்தான்.

இருந்தாலும் உங்க பேச்சையும் ஒரேயடியா தட்ட மனசு வரலை. நம்ம வீட்டுல எதுவா இருந்தாலும் பாதிப் பாதிதானே. கூடத்துக்கு நீங்க நீலம் கேட்டீங்க, நான் மஞ்சள் கேட்டேன். இன்னிக்கும் அது ரெண்டு நிறத்துல நிக்குது. வர்றவங்க எல்லாம் பெயின்ட் தீர்ந்துபோச்சான்னு கேக்குறாங்க. அதே கணக்குத்தான் இங்கயும். முன்னால ரெண்டு உங்களுது, பின்னால ரெண்டு என்னுது.

மீசைக்காரர் தலையில கை வெச்சுக்கிட்டார். இது நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கற வண்டி தங்கச்சி, நாலும் ஒரே மாதிரி இருக்கணும், இப்படிக் கலந்து மாட்டக்கூடாதுன்னார். நாளைக்கு அவர் கேட்டா, சொன்னபடி ரெண்டு மாட்டினேன்னு நீங்க பதில் சொல்ல வேண்டாமா, மாட்டுங்க அண்ணேன்னு அதட்டினேன். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என் தலைதான் உருளுதுன்னு முனகிக்கிட்டே மாட்டினார்.

இப்ப சந்தோஷமா? உடம்பைப் பார்த்துக்கோங்க. அலை பெருசா இருந்தா மேல்தட்டுக்கு வராதீங்க.

இப்படிக்கு,
உங்கள் சரிபாதி


அன்புள்ள கடல்காரருக்கு,

உங்க பதில் இன்னும் வரலை. அது வர்றதுக்குள்ள இதையும் படிச்சிடுங்க. போன கடிதத்துல எழுதினதுல பாதியை அடிச்சிட்டேன். எந்தப் பாதின்னு சொல்றேன்.

உச்சிப் பண்ணைக்காரி மத்தியானம் போன் பண்ணினாள். தலைச்சன் ஈத்துப் பசு, கன்னோட ஒரு கால் மட்டும் வெளியே தெரியுது, தலை உள்ளே திரும்பிக் கிடக்கு போல, சீக்கிரம் வாங்க டாக்டரம்மான்னு அழுதாள். நல்ல மழை. பையைத் தூக்கிப் போட்டுக்கிட்டு கிளம்பிட்டேன். தார் ரோடு வரைக்கும் ஒரு குறையும் இல்லை. அப்புறம் வந்தது பாருங்க, அதே செம்மண் சரிவு.

பின்னாலேருந்து என் ரெண்டு டயரும் மண்ணைக் கவ்விக்கிட்டு தள்ளுது. முன்னால உங்க ரெண்டும் சேறு பூசிக்கிட்டு வழுக்குது. நான் ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் ஒடிக்கிறேன், வண்டி எனக்கு என்னன்னு நேரா போகுது. நேரா போனா என்ன இருக்குன்னு உங்களுக்கே தெரியும். என் கையை ஒடிச்ச பள்ளம். அதோட விளிம்புல போய் நின்னது வண்டி. பயமே இல்லைன்னு நான் என்னைக்குமே சொன்னதில்லை, இப்பவும் சொல்லலை.

வண்டியை அங்கயே விட்டுட்டு, பையைத் தலையில வெச்சுக்கிட்டு, சேத்துல நடந்து ஏறினேன். போய்ச் சேர்றதுக்குள்ள ரொம்ப நேரம் ஆயிடுச்சு. உள்ளே கையை விட்டு, கன்னுத் தலையைத் திருப்பி, வெளியே எடுத்தேன். தாய் பிழைச்சுது. கன்னு பிழைக்கலை. வழவழன்னு, முழுசா, எல்லாம் சரியா வளர்ந்த பொட்டைக் கன்னு. கொஞ்சம் முன்னாடி போயிருந்தா எழுந்து நின்னிருக்கும்.

பண்ணைக்காரி கை கழுவ வெந்நீர் கொண்டுவந்து ஊத்தினாள், மழையில நடந்து வந்தீங்களே தாயின்னு என் தலையைத் துவட்டி விட்டாள். திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியலை. தொழுவத்துலயே உக்காந்து அழுதுட்டேன். அந்தப் பசு செத்த கன்னை நக்கிக்கிட்டே இருந்தது.

பண்ணை ஆளுங்க கயிறு கட்டி வண்டியை இழுத்துக் குடுத்தாங்க. மறுநாள் கடை திறக்கறதுக்கு முன்னாடியே போய் வாசல்ல நின்னேன். நாலும் என்னுதுதான்னு சொன்னேன். மீசைக்காரர், எதுக்கும் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமேன்னு போனை எடுத்தார். மேலே ஏறப்போறது நானு, அவர் இல்லை, போனைக் கீழே வைங்கன்னேன். வெச்சார். அவரைக் குத்தம் சொல்லாதீங்க, அவர் அன்னைக்கே தலைப்பாடா அடிச்சுக்கிட்டார். கலந்து மாட்டின தப்பு நம்ம ரெண்டு பேருக்கும் சரிபாதி. அதை மட்டும் இன்னும் பாதிப் பாதியாவே வெச்சிருக்கேன்.

பின்னாடி இருந்த ரெண்டு மாதிரியே இன்னும் ரெண்டு வாங்கி முன்னால மாட்டியாச்சு. ஸ்டெப்னியாவது உங்களுதா இருக்கட்டுமான்னு மீசைக்காரர் மெல்லக் கேட்டார். ஸ்டெப்னியும் என்னுதுதான். நடுமலையில டயர் போனா உங்க சமாதானத்தை மாட்டிக்கிட்டா நான் இறங்குறது? கூடத்துச் சுவர் நீலமும் மஞ்சளுமா அப்படியே இருக்கட்டும். சுவர் எங்கயும் ஏறி இறங்க வேண்டியதில்லை.

உங்க ரெண்டு டயரையும் தூக்கிப் போட்டுட்டேன்னு நினைக்காதீங்க. ஷெட்டுக்குள்ள பின்பக்கச் சுவத்துல கட்டித் தொங்க விட்டிருக்கேன். ரிவர்ஸ் எடுக்கறப்ப நான் அந்தச் சுவத்துல இடிக்கிறேன்னு சத்தம் போடுவீங்களே, இனிமே இடிச்சாலும் ஒண்ணும் ஆகாது. உங்களுக்குத் தெரிஞ்ச வேலையை அது அங்க ஒழுங்கா செய்யுது. சின்னவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

நேத்து அந்தப் பசுவைப் பார்க்க மறுபடியும் மேலே போனேன். மழை விட்டபாடில்லை. சரிவுக்குக் கீழே நிறுத்தி, டயர்ல காத்தைக் கொஞ்சம் இறக்கிட்டு, மெல்ல ஏத்தினேன். சொன்ன பக்கம் திரும்பிச்சு, சொன்ன இடத்துல நின்னது. பள்ளத்தைத் தாண்டறப்ப அதைப் பார்த்துக்கிட்டேதான் தாண்டினேன். தார் ரோட்டுக்கு வந்தா டயர் லேசா ரீங்காரம் போடுது, உண்மைதான். நீங்க லீவுக்கு வர்றப்ப உங்களை அதுலதான் கூட்டிக்கிட்டு வரப்போறேன். அந்தச் சத்தத்தை நீங்க கேட்டுத்தான் ஆகணும்.

ஒண்ணு மட்டும் கேக்குறேன். ரோடு டயரைப் போட்டுட்டா நான் மலைக்குப் போக மாட்டேன்னு எப்படி நினைச்சீங்க? இத்தனை வருஷம் என்கூடக் குடும்பம் நடத்தியிருக்கீங்க. நான் போவேன்னு உங்களுக்குத் தெரியாதா? அந்த டயர் என்னை நிறுத்தாது. விழ மட்டும்தான் வைக்கும்.

நீங்க கடலுக்குப் போறப்ப எல்லாம் எனக்குக் குலை நடுங்கும். புயல்னு யாராவது சொன்னா அன்னைக்குச் சோறு இறங்காது. ஒரு நாளாவது கரையிலயே இருங்கன்னு சொல்லியிருக்கேனா? உங்க கப்பலுக்கு எந்த நங்கூரம் போடறதுன்னு உங்க கேப்டனுக்கு ரகசியமா போன் பண்ணினேனா? வாசல்ல நின்னு போயிட்டு வாங்கன்னுதான் சொல்றேன். உங்களை அனுப்பிட்டு உள்ளே வந்துதான் அழுவேன்.

கை ஒடிஞ்ச நாள்லேருந்து நீங்க என்கிட்ட போயிட்டு வான்னு சொல்லவே இல்லை. கவனிச்சீங்களா? போகாதே, வேண்டாம், வீட்டுல இரு. போனை வைக்கறப்ப இதுதான் வருது. உங்க பயம் எனக்குப் புரியாம இல்லை. அவ்வளவு தூரத்துல இருந்துக்கிட்டு, என் கை ஒடிஞ்ச சேதியைத் தண்ணிக்கு நடுவுல தனியா நின்னு கேட்ட மனுஷன் நீங்க. அதுக்காக நான் பயந்து உக்காந்துட முடியாது.

அடுத்த தடவை நீங்க கூப்பிடறப்ப வண்டிச் சாவியைக் கையில வெச்சுக்கிட்டுதான் பேசுவேன். மழை எப்படின்னு கேளுங்க, பள்ளத்தைக் கேளுங்க, டயர்ல காத்து சரியா இருக்கான்னு கேளுங்க, பதில் சொல்றேன். வேணும்னா கத்துங்க, அதையும் கேட்டுக்கறேன். ஆனா கடைசியில போயிட்டு வான்னு சொல்லிட்டுப் போனை வைங்க. நீங்க சொல்லலைன்னாலும் நான் போவேன். சொன்னீங்கன்னா, திரும்பி வர்றதுக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கும்.

கடல் உங்களுக்கு அடங்கி நடக்கட்டும். அடங்கலைன்னாலும், போயிட்டு வாங்க.

இப்படிக்கு,
உங்கள் மாட்டு டாக்டர்