பதினோரு முட்டைகளுக்கு நான் வைத்த வெந்நீர்

சிவ சிவ. ஓட்டுக்குள் உறங்கும் உயிருக்கும் மூச்சு வைத்து, அது கண் விழிக்கும் நாளையும் குறித்து வைத்திருக்கும் பெருமானே, உன் திருவடியைத் தொழுது தொடங்குகிறேன். எழுதும் சொல் எதுவும் எனக்குச் சாதகமாக வளைந்துவிடாமல் இந்தக் கையைப் பிடித்துக்கொள்.

மதிப்பிற்குரிய பாய் அவர்களுக்கு,

இன்று காலை என் மருமகள் ரோஜாத் தொட்டிகளுக்காகத் தேங்காய் நார்க்கட்டி ஒன்றை வாளித் தண்ணீரில் ஊறப் போட்டாள். அது உப்பி உதிர்ந்து, ஈரமண்ணும் பழைய கயிறும் கலந்ததைப் போன்ற அந்த வாசனை கூடம் வரை வந்தது. ஜபமாலையை உருட்டிக்கொண்டிருந்த என் விரல்கள் நின்றுவிட்டன. அருப்புக்கோட்டையில் நம் இரு வீடுகளுக்கும் பொதுவான சுவருக்கு அப்பால், உங்கள் பின்னறையில் இருந்த தெர்மாகோல் பெட்டியின் வாசனை அது. அந்த ஈரநாரில்தான் உங்கள் முட்டைகள் பாதி புதைந்து கிடந்தன.

நீங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த முதல் மாதம் எனக்கு உங்கள் மேல் பெரிய மதிப்பு இல்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகள் சவூதியில் இருந்துவிட்டு வந்த மனிதர், கண்ணாடிப் பெட்டியில் ஓணான் வளர்க்கிறார் என்று தெரு முழுவதும் பேச்சு. உங்கள் சொந்த ஊரான வீரசோழனிலிருந்து உங்கள் தமையனார் வந்தபோது அவர் போட்ட சத்தம் என் பூசையறை வரை கேட்டது.

“ஏலே, பேரீச்சம்பழம் கொண்டாருவான்னு பாத்தா, ஓணானைக் கொண்டாந்து மெத்தை போட்டு வச்சிருக்கியே! ஊருக்குள்ள நான் எப்பிடிடா தலை காட்டுறது?”

“இது நம்ம வேலி ஓணான் இல்லண்ணே. ஆஸ்திரேலியா வம்சம். மெட்ராசுல வாங்குனது. காயிதம் எல்லாம் சரியா இருக்கு, உன் பாஸ்போர்ட்டை விடச் சரியா இருக்கு.”

நான் சுவருக்கு இப்பால் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புதான் என்னை உங்கள் வீட்டுக்குள் அழைத்து வந்தது என்று நினைக்கிறேன்.

தாடி ஓணான் என்று நீங்கள் சொன்ன அந்த இரண்டு உயிர்களையும் முதன்முதலாகப் பார்த்தது நினைவிருக்கிறது. செம்மண் நிறத்தில் இருந்த பெண்ணுக்குச் செவத்தி என்று பெயர். ஆணுக்குப் பெயர் வைக்கவில்லை. நான் காரணம் கேட்டபோது என் தாடியையும் அதன் தாடியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “வச்சா நீங்க கோவிச்சுக்கிருவீகய்யா” என்றீர்கள். புழுவும் வெட்டுக்கிளியும் தின்னும் பிராணியைச் சைவன் தொடலாமா என்று நான் தயங்கியதற்கும் உங்களிடம் பதில் இருந்தது. “குட்டியா இருக்கைல தான் புழு. வயசு ஏற ஏற கீரைதான் நிறையத் திங்கும். கடைசியில உங்க கட்சிக்கு வந்துரும்.” அன்று முதல் என் கொல்லை முருங்கையின் கொழுந்து உங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கியது.

மாலைகளில் நான் மறைநூல் பேசுவேன். நீங்கள் கேட்பீர்கள். உங்கள் வேதத்திலிருந்து நீங்கள் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். ஒருநாள் குருவின் அருள் மூன்று வகை என்று விளக்கினேன். பறவை முட்டையைத் தீண்டிப் பொரிக்கிறது, மீன் பார்த்துப் பொரிக்கிறது, ஆமையோ கரையில் இட்டுவிட்டுக் கடலுக்குள் போய் நினைத்தே பொரிக்கிறது. தீண்டலும் பார்வையும் நினைவுமாகக் குரு நம்மை வந்து அடைகிறார் என்றேன். நீங்கள் பின்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தீர்கள்.

“அந்த ஆமை அட்ரஸ் இருந்தா குடுங்கய்யா. முட்டைப் பெட்டிக்குச் சூடு குடுக்க எனக்கு இந்த குண்டு பல்பு வேணாம்ல.”

நான் முகம் சுளித்தேன். உடனே நீங்கள் குரலைத் தணித்துக்கொண்டு, “கிண்டலுக்குச் சொல்லலய்யா. ஆமை நினைச்சுக்கிட்டே இருக்கலாம். ஆனா போறதுக்கு முன்னால மணல் சூடு பாத்துத்தானே குழி தோண்டுது” என்றீர்கள். அந்தச் சொல்லை நான் அன்று பொருட்படுத்தவில்லை. சாத்திரம் படியாதவர் பேச்சு என்று மனத்துக்குள் ஒதுக்கினேன்.

உங்கள் சிறுநீரகம் பழுதாகத் தொடங்கிய ஆண்டுதான் செவத்தி அந்தப் பதினோரு முட்டைகளை இட்டாள். இட்ட மூன்றாம் வாரமே அவள் இறந்தாள். கொல்லையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்து என் எதிரில் அமர்ந்தீர்கள். “இனிமே எனக்கு வேற ஜோடி வாங்கி, வளத்து, முட்டை பாக்க நேரம் இல்லய்யா. இதுக வெளிய வர்றதைப் பாத்துட்டா போதும்” என்றீர்கள். நோயைப் பற்றி நீங்கள் என்னிடம் நேராகப் பேசியது அந்த ஒருமுறைதான்.

முட்டை பொரியப் பன்னிரண்டு நாள் இருக்கையில் மதுரை மருத்துவமனையில் உங்களுக்கு இடம் கிடைத்தது. துணைவியாரும் உடன் வந்தாக வேண்டும். வீட்டுச் சாவியை என் கையில் வைத்தீர்கள். இன்வெர்ட்டர் பேட்டரி செத்துப் போயிருந்தது, ஆகவே மின்சாரம் நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று பெட்டியைத் திறந்து காட்டினீர்கள். சிறு எலுமிச்சங்காய் அளவில், தோல் போன்ற வெள்ளை ஓட்டோடு, ஒவ்வொன்றின் உச்சியிலும் நீங்கள் பென்சிலால் இட்ட புள்ளியோடு அவை கிடந்தன.

“இதைப் பெரட்டிப்புடாதீக. கோழி முட்டை மாதிரி இல்ல. கரண்டு போச்சுன்னா பாட்டில்ல வெதுவெதுன்னு தண்ணி ஊத்தி ஓரத்துல வைங்க. அரை மணிக்கு ஒருக்க வந்து இந்த மீட்டரைப் பாருங்க. முப்பது டிகிரியைத் தாண்டக்கூடாது.”

“மறந்து கொஞ்சம் குளிர்ந்துவிட்டால்?”

“குளுந்தா பொறுத்துக்கிரும். ரெண்டு நாள் பிந்திப் பொரிக்கும், அம்புட்டுத்தான். சூடு ஏறுனா மட்டும் பொறுக்காதுய்யா.”

இவ்வளவு தெளிவாகச் சொன்னீர்கள். கேட்கவில்லை என்றோ புரியவில்லை என்றோ சொல்ல எனக்கு வழியே வைக்கவில்லை.

நீங்கள் போன நான்காம் நாள், பராமரிப்புப் பணிக்காகக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்தடை என்று செய்தித்தாளில் போட்டிருந்தார்கள். கார்த்திகை மாதத்துத் தூறல் மூன்று நாளாக விடாமல் பெய்து, தரை சில்லிட்டிருந்தது. அன்று பிரதோஷம். திருச்சுழிச் சிவாலயத்தில் என் தொடர் சொற்பொழிவு. காலை முழுவதும் நீங்கள் சொன்னபடியே செய்தேன். அரை மணிக்கு ஒருமுறை வந்தேன், தண்ணீர் மாற்றினேன், இருபத்தெட்டிலும் இருபத்தொன்பதிலும் எண் நின்றது. பிற்பகல் இரண்டு மணி ஆனது. பேருந்துக்குப் புறப்பட வேண்டும்.

கோயிலுக்குத் தொலைபேசியில், “இன்று வர இயலவில்லை” என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஓதுவார் இரண்டு பதிகம் கூடுதலாகப் பாடியிருப்பார், உலகம் ஒன்றும் கவிழ்ந்திருக்காது. ஒன்றும் செய்யாமலே போயிருந்தாலும் அவை குளிர்ந்து, பொறுத்து, இரண்டு நாள் பிந்திப் பொரிந்திருக்கும். நானோ இரண்டுக்கும் நடுவே என் கெட்டிக்காரத்தனத்தைக் கொண்டுபோய் வைத்தேன். மின்சாரம் வரும்வரை மூன்று மணி நேரம் தாங்க வேண்டும் என்றால் தண்ணீரும் அதற்கேற்ற சூட்டில் இருக்க வேண்டும் என்று தீர்மானித்து, அடுப்பில் தளதளவென்று கொதித்ததை இரண்டு எவர்சில்வர் தூக்குவாளிகளில் ஊற்றி, மூடி, பெட்டிக்குள் இரு புறமும் வைத்தேன். போதாதென்று பெட்டியின் மேல் என் கம்பளியையும் போர்த்தினேன். மீட்டரைப் பார்த்தேன். இருபத்தொன்பது. வைத்த மாத்திரத்தில் அது வேறென்ன காட்டும்? நெற்றியில் நீறு பூசிக்கொண்டு பேருந்து ஏறிவிட்டேன்.

அன்றைய பொருள் என்ன என்று நீங்கள் கடைசிவரை என்னிடம் கேட்கவில்லை. குருவருளின் மூன்று வகைதான். ஆமையின் நினைவைப் பற்றி நான் அன்று பேசியதுபோல் அதற்கு முன் பேசியதில்லை. முன்வரிசையில் இருவர் கண் துடைத்தார்கள். கடலின் ஆழத்தில் இருந்துகொண்டு, கரையில் கிடக்கும் முட்டையை ஒரு கணமும் மறவாத தாயை நான் கையை நீட்டி நீட்டிக் காட்டிக்கொண்டிருந்த அந்த நாழிகையில், பாய், உங்கள் பின்னறையில் கம்பளிக்கு அடியில் அவை வெந்துகொண்டிருந்தன. நான் அவற்றை ஒருமுறைகூட நினைக்கவில்லை.

ஏழு மணிக்குத் திரும்பிவந்து கம்பளியை எடுத்தேன். பெட்டியின் மூடியில் நீர்த்துளிகள் கோத்திருந்தன. மீட்டர் நாற்பத்தொன்று காட்டியது. முட்டைகள் பதினொன்றும் உள்ளே ஒடுங்கி, புள்ளி இட்ட உச்சி குழிந்து கிடந்தன.

மறுநாள் நீங்கள் தொலைபேசியில் அழைத்தீர்கள். குரல் தளர்ந்திருந்தது. முதல் கேள்வியே முட்டைதான். நான் சொன்ன சொற்களை அப்படியே எழுதுகிறேன். “கரண்டு போயிருச்சு பாய். எவ்வளவோ பார்த்தேன். குளிர்ந்து, எல்லாம் ஒடுங்கிப்போச்சு.”

“எம்புட்டு நேரம்?”

“எட்டு மணி நேரம்.”

மறுமுனையில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிச் செல்லும் ஓசை கேட்டது. “குளுந்தா ஒடுங்காதேய்யா…” என்று நீங்கள் உங்களுக்கே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னீர்கள். பிறகு, “சரி விடுங்க. நீங்க சாப்டீகளா?” என்றீர்கள்.

எட்டாம் நாள் ஊர் திரும்பினீர்கள். நான் பெட்டியைத் துப்புரவாக்கிவிட நினைத்து, அதற்கும் துணிவின்றி விட்டுவைத்திருந்தேன். என் கண்ணெதிரே ஒரு முட்டையை எடுத்து, சிறு கத்தரியால் ஓட்டை வெட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள். உள்ளே இறுகியிருந்தது. எத்தனையோ முட்டைகளைப் பார்த்த கண் அது. குளிர் எது, கொதி எது என்று அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முட்டையை மெல்ல நாரிலேயே திரும்ப வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டீர்கள்.

“திருச்சுழியில அன்னைக்குக் கூட்டம் வந்துச்சாய்யா?”

“வந்தது.”

“நல்லது.”

அந்த வார்த்தையில் குத்தல் ஏதும் இருக்குமோ என்று இத்தனை நாளும் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அந்தக் கணத்தில் வாயைத் திறந்திருந்தாலும் போதும். “வெந்நீர் வைத்தேன், பொய் சொன்னேன்.” நான்கே சொற்கள். நூற்றுக்கணக்கான செய்யுள்களைத் தடங்கலின்றிச் சொல்லும் நாக்கு அதற்கு எழவில்லை.

அதன்பின் நீங்கள் நாற்பது நாள் இருந்தீர்கள். ஐந்து முறை உங்கள் வாசல்வரை வந்திருக்கிறேன். ஒருமுறை உறங்கிக்கொண்டிருந்தீர்கள், ஒருமுறை உறவினர் இருந்தார்கள். மற்ற மூன்று முறையும் நீங்கள் விழித்துத் தனியாகத்தான் இருந்தீர்கள். நான் வானிலையைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து வந்தேன். வீரசோழனில் உங்களை அடக்கம் செய்தபோது பள்ளிவாசல் மதிலுக்கு வெளியே, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். எந்த மந்திரத்தைச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஐந்தாம் மாதம் உங்கள் துணைவியார் வீட்டைக் காலி செய்துகொண்டு கிளம்பும்போது கண்ணாடிப் பெட்டியோடு என் வாசலில் வந்து நின்றார். உள்ளே பெயரிடப்படாத ஆண்.

“அவுக சொல்லிட்டுப் போனாக, அய்யா வீட்டுல குடுத்துருன்னு.”

“என்னிடமா அம்மா? நான்…”

“நானும் கேட்டேன், அய்யாவுக்கு என்னங்க தெரியும்னு. ‘இனிமே அவுகளை விட யாரும் சூடு பாத்து வைக்க மாட்டாக’ன்னு சொன்னாக. எனக்கு வெளங்கல. உங்களுக்கு வெளங்குதா?”

விளங்குகிறது என்றேன். அப்போதும் அவரிடம் முழுவதையும் சொல்லவில்லை. வண்டி தெருமுனை திரும்பும்வரை பெட்டியைக் கையில் ஏந்தியபடி நின்றேன். எல்லாம் தெரிந்த பின்னும் ஓர் உயிரை என்னிடம் விட்டுச் சென்றிருக்கிறீர்கள். மன்னித்துவிட்டீர்களா, தண்டித்தீர்களா என்று சில நாள் குழம்பினேன். உங்களை அறிந்தவன் அதில் குழம்புவதற்கு ஒன்றுமில்லை.

சென்ற பிரதோஷத்தன்று திருச்சுழியில் மீண்டும் அந்தப் பகுதி வந்தது. ஆமை என்ற சொல் வாயிலிருந்து வந்ததும் நிறுத்திவிட்டு, நடந்ததை வெந்நீர் முதல் பொய் வரை சபையில் சொன்னேன். பிறகு தூணோரம் அமர்ந்திருந்த ஒரு பெரியம்மா, “ஓணான் முட்டைக்கா சாமி இம்புட்டு வருத்தம்?” என்றார். பின்னாலிருந்து ஒருவர், “மல்லாங்கிணறு பஸ்ஸுக்கு நேரமாச்சு, மேக்கொண்டு சொல்லுங்க சாமி” என்றார். சிலர் சிரித்தார்கள்.

“முட்டைக்கு இல்லம்மா” என்றேன். “என்னை நம்பிக் கேட்ட மனிதருக்கு.”

நூறு பேரிடம் சொல்லியும் சுமை இறங்கவில்லை. கேட்க வேண்டிய செவி அங்கே இல்லை. ஆகவே இதை எழுதுகிறேன். பாய், கரண்டு எதுவும் செய்யவில்லை. வெந்நீர் வைத்தேன். பொய் சொன்னேன். இந்தச் சொற்களை இனி நான் எங்கே போனாலும் கொண்டு செல்வேன், உங்களைச் சந்திக்கும் இடம் ஒன்று இருக்குமாயின் அங்கேயும் முதலில் இவற்றையே சொல்வேன்.

உங்கள் துணைவியாரும் வீரசோழனில் உள்ள உங்கள் குடும்பத்தாரும் நோயின்றி வாழ இறைவன் அருள்க. இதை வாசிக்கும் அன்பரே, உம் இல்லத்தில் பிறக்க இருப்பவையெல்லாம் குறைவின்றிப் பிறக்கட்டும். உம்மை நம்பி ஒப்படைக்கப்பட்டவை உம் கையில் பிழைத்திருக்கட்டும். ஒருகால் தவறினால், கேட்க வேண்டியவர் உயிரோடு இருக்கும்போதே அதைச் சொல்லிவிடும் துணிவை அந்தப் பெருமான் உமக்கும் உம் வீட்டாருக்கும் தந்தருள்க.